சூரியகாந்தியில் பாதி பொக்கு: தேனீப் பெட்டி வைத்தால் தீருமா?

கேள்வி இதுதான். வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் சூரியகாந்தி. போன போகத்தில் தலைகள் நல்ல அகலமாக வந்தும் உடைத்துப் பார்த்தால் பாதி பொக்கு, அதாவது உள்ளே பருப்பில்லாத வெறும் தோடு. தேனீப் பெட்டி வை, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். தேனீ வந்தால் பூவிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், வேண்டவே வேண்டாம் என்று பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்கிறார். வரப்போரம் பூசணியும், கொஞ்சம் முள்ளுக் கத்தரியும், அந்தப் பக்கம் மல்லாட்டையும் (நிலக்கடலை) இருக்கிறது, அதற்கெல்லாமும் பெட்டி உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், சூரியகாந்திக்குத் தேனீ வேண்டும். ஆனால் நீங்கள் காசு கொடுத்துப் பெட்டி வாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் உங்கள் கொல்லையில்தான் இருக்கிறது, எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். மல்லாட்டைக்குத் தேவையே இல்லை. அந்தப் பூ விடியற்காலையில் விரிகிற நேரத்திலேயே உள்ளுக்குள் தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்கிறது, அப்புறம் விழுது மண்ணில் இறங்குகிறது. அதற்குப் பெட்டி வாங்குகிற பணத்தில் ஜிப்சம் போடலாம். நெல்லுக்கும் தேவையில்லை. எள் பெரும்பாலும் தானே சூல்கொள்ளும், தேனீ வந்தால் கொஞ்சம் கூடுதல் லாபம். "பெட்டி வைத்தால் எல்லாப் பயிரும் கூடும்" என்று யாராவது விற்க வந்தால், அவர் பயிரைப் பற்றிப் பேசவில்லை, பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்கள் பக்கமெல்லாம் இந்தப் பேச்சு இருக்கிறது. தேனீ எடுப்பது இரண்டு பொருள்: பூவின் அடியில் ஊறும் இனிப்பு நீர், மேலே இருக்கும் மகரந்தத் தூள். இனிப்பு நீர் விதைக்கான சாப்பாடு இல்லை. செடி அதைச் சுரப்பதே பூச்சியை வரவழைக்கத்தான், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் விதைக்குப் போகிற சத்து இலையிலிருந்தும் வேரிலிருந்தும்தான் போகிறது. மகரந்தமும் அப்படியே, ஒரு பூ தன் சூலுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகமாகத்தான் உண்டாக்கும். சாறு உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ இவற்றையும் தேனீயையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டதால் வந்த பயம் இது.

இப்போது சூரியகாந்திக்கு வருவோம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூ இல்லை. சுற்றிலும் இருக்கிற மஞ்சள் இதழ்கள் வெறும் விளம்பரம், அவை விதை தருவதில்லை. நடுவில் இருக்கிற ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிப் பூக்கள்தான் ஒவ்வொன்றும் ஒரு விதை. அவை ஒரே நாளில் மலர்வதும் இல்லை, விளிம்பில் தொடங்கி வளையம் வளையமாக உள்ளே போய் நடுவுக்கு வந்து முடிய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும். ஒவ்வொரு குட்டிப் பூவும் முதலில் ஆண், பிறகுதான் பெண்: முதல் நாள் காலையில் மகரந்தத்தை வெளியே தள்ளும், மறுநாள்தான் சூல்முடி இரண்டாகப் பிரிந்து மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். அதாவது தன் மகரந்தம் தயாராக இருக்கிறபோது தன் சூல்முடி தயாராக இல்லை. இது தற்செயல் இல்லை, பக்கத்துச் செடியிலிருந்து வாங்கிக்கொள் என்று செடி தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. பல ரகங்களில் தன் மகரந்தமே வந்து விழுந்தாலும் சூல்முடி அதை முளைக்க விடாது. இப்போது வரும் வீரிய ஒட்டு ரகங்கள் சிலவற்றில் இந்தப் பிடிவாதம் குறைவு. சூல்முடி கடைசியில் பின்பக்கம் சுருண்டு வந்து சொந்த மகரந்தத்தைத் தொட்டுப் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே ஊரில் ஒருவருக்குத் தேனீயே இல்லாமல் ஓரளவு மணி பிடிக்கிறது, இன்னொருவருக்குத் தலை முழுக்கப் பொக்காகிறது. விதை வாங்கும்போது கடைக்காரரிடம் விலையை மட்டும் கேட்காமல், இந்த ரகம் தேனீ இல்லாமல் எவ்வளவு மணி பிடிக்கும் என்றும் கேளுங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது, இருந்தாலும் கேளுங்கள்.

காற்று கொண்டுபோய்ச் சேர்க்காதா என்று கேட்கலாம். சேர்க்காது. சூரியகாந்தி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, முள் முள்ளாக இருக்கும். காற்றில் பறக்கிற சோளம், கம்பு மகரந்தம் மாதிரி இல்லை. அதைச் சுமக்க ஓர் உடம்பு வேண்டும்.

தேனீயின் உடம்பு அதற்கென்றே அமைந்தது மாதிரி இருக்கும். மேலெல்லாம் கிளை கிளையாகப் பிரிந்த மயிர். பறக்கும்போது உடம்பில் லேசான மின்னேற்றம் உண்டாகி, பூவில் இறங்கியதும் தூள் தானாகத் தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். அதைக் காலால் வழித்து, கொஞ்சம் தேன் தொட்டுப் பிசைந்து, பின்னங்கால் கூடையில் உருண்டையாக ஒட்டி வைக்கும். நாம் பார்க்கிற மஞ்சள் மூட்டை அதுதான். ஆனால் நமக்கு வேலை செய்வது அந்த மூட்டை இல்லை. பிசைந்த மகரந்தத்தின் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும், அது குஞ்சுகளின் சாப்பாட்டுக்குப் போகிறது. வழித்தும் போகாமல் மார்பிலும் வயிற்றிலும் மிச்சம் ஒட்டியிருக்கிற தூள்தான் அடுத்த தலையில் உரசி விழுந்து விதையாகிறது. இன்னொரு நல்ல குணம், ஒரு முறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்கே போகும். சூரியகாந்திக்குக் கிளம்பிய தேனீ நடுவில் தும்பைக்கும் வேம்புக்கும் போய் மகரந்தத்தைக் கலக்கிக்கொண்டு வராது. பட்டாம்பூச்சியும் பூவுக்கு வருகிறது, ஆனால் அதன் கால் நீளம், உடம்பு பூவில் படுவதே குறைவு, வயிறு நிறைந்தால் போய்விடும். தேனீ கூட்டிலுள்ள குஞ்சுகளுக்கும் சேர்த்துச் சேகரிப்பதால் நாள் முழுக்க வேலை செய்யும்.

சரி, உங்கள் பொக்குக்குக் காரணம் தேனீக் குறைவுதானா? இதுதான் முக்கியமான இடம், இங்கேதான் பலர் அவசரப்பட்டுப் பெட்டி வாங்கிவிடுகிறார்கள். நடுவில் மட்டும் பொக்கு, சுற்றிலும் நல்ல மணி என்றால் பெரும்பாலும் தண்ணீரும் சத்தும் கடைசி வளையங்களுக்கு எட்டவில்லை என்று அர்த்தம். பூக்கும் சமயத்திலும் மணி பிடிக்கும் சமயத்திலும் ஒரு தண்ணீர் தவறினாலே இப்படி ஆகும். போரான் குறைவும் பொக்கை உண்டாக்கும், அதற்குத்தான் வெளி இதழ்கள் விரிகிற சமயத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். தலை முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக, விளிம்பு வளையத்திலும்கூடப் பொக்கு சிதறிக் கிடந்தால் அப்போது மகரந்தம் சேரவில்லை என்று சந்தேகப்படலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது, செலவு ஒரு பழைய கொசுவலை. விதைத்து ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில் மொட்டு மஞ்சள் காட்டத் தொடங்கும். அப்போது ஒரே அளவாக இருக்கிற தலைகளாகப் பதினைந்தைத் தேர்ந்தெடுத்து மூன்று வண்ணத் துணி கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து தலைகளுக்குக் கொசுவலையில் பை தைத்து மாட்டிவிடுங்கள், எந்தப் பூச்சியும் உள்ளே போகக் கூடாது, வலை பூவில் ஒட்டாமல் தளர்வாக இருக்கட்டும், இதழ் உதிர்ந்த பிறகு கழற்றலாம். அடுத்த ஐந்தை அப்படியே விட்டுவிடுங்கள். கடைசி ஐந்துக்கு நீங்களே தேனீயாக இருங்கள்: காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பூ முடிகிற வரை, உள்ளங்கையில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு வேறு செடியின் தலையை மெதுவாகத் தடவி அதே துணியால் இந்தத் தலையைத் தடவுங்கள். அறுவடையில் ஒவ்வொரு தலையிலும் விளிம்பிலிருந்தும் நடுவிலிருந்தும் சேர்த்து நூறு விதை எடுத்து, எத்தனை மணி, எத்தனை பொக்கு என்று எண்ணுங்கள்.

வலை போட்ட தலைக்கும் திறந்த தலைக்கும் உள்ள வித்தியாசம், இப்போது உங்கள் கொல்லைக்கு வந்துபோகிற தேனீக்கள் ஏற்கெனவே உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பது. திறந்த தலைக்கும் கையால் தடவிய தலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் இழந்துகொண்டிருப்பது, பெட்டி வைத்தால் திரும்பக் கிடைக்கக்கூடியது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பெட்டியால் விளைச்சல் கூடப் போவதில்லை, தேனுக்காக வேண்டுமானால் வாங்குங்கள். கையால் தடவியதில் மணி வெகுவாகக் கூடியிருந்தால் தாராளமாகப் பெட்டி வையுங்கள், போட்ட பணம் வீண் போகாது. கையால் தடவியும் பொக்காகவே இருந்தால் பிரச்சினை தண்ணீரிலோ சத்திலோ வெயிலிலோ இருக்கிறது, ஊரிலுள்ள தேனீயையெல்லாம் கொண்டுவந்து விட்டாலும் தீராது. வலை போட்ட தலையிலேயே நல்ல மணி பிடித்திருந்தால் உங்கள் ரகம் தன் மகரந்தத்தை ஏற்கிற ரகம் என்று தெரிந்துகொள்ளலாம். யாரோ வேறு மாநிலத்தில் வேறு ரகத்தில் பார்த்து எழுதிய சதவீதத்தைவிட, இந்தப் பதினைந்து தலை சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தும்.

ஒரு போகம் காத்திருக்க முடியாது என்றால், காலை பத்து மணிக்குக் கொல்லையில் நின்று பூத்த தலைகளை எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள். பத்துப் பதினைந்து தலைக்கு ஒன்றில்கூடத் தேனீ இல்லை என்றால் நிலைமை மோசம் என்றே வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குப் பதிலாக எல்லாத் தலையையும் கையால் தடவிவிடவும் செய்யலாம், ஒரு ஏக்கருக்குக் கூலி கட்டுபடியாகுமா என்பது உங்கள் வீட்டு ஆள் பலத்தைப் பொறுத்தது.

பெட்டி வைப்பதாக முடிவு செய்தால், எந்தத் தேனீ என்று வரும். நம் பக்கம் நான்கைந்து வகை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியிலும் ஆலமரத்திலும் பெரிய அடை கட்டித் தொங்கும் மலைத்தேனீ அருமையான வேலைக்காரன், ஜவ்வாது மலையில் தேன் எடுப்பவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள், ஆனால் பெட்டியில் நிற்காது, பூ இருக்கிற பருவத்தில் வரும், முடிந்தால் போய்விடும். வேலிப் புதரில் கையளவு அடை கட்டும் கொம்புத்தேனீயும் பெட்டிக்கு வராது. சுவர் ஓட்டையில் இருக்கிற கொசுத்தேனீ சின்னப் பூக்களுக்கு நல்லது. பெட்டிக்கு வருவது மரப்பொந்தில் அடுக்கு அடுக்காக அடை கட்டும் நம் இந்தியத் தேனீயும், வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயும்தான். இத்தாலியக் கூட்டத்தில் எண்ணிக்கை அதிகம், தேனும் அதிகம், ஆனால் பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு ஊற்றிக் காப்பாற்ற வேண்டும், வண்டியில் ஊர் ஊராக மாற்ற வேண்டும். ஒரு ஏக்கர்காரருக்கு நம் தேனீயே போதும் என்பது என் கருத்து. காலையில் சீக்கிரம் கிளம்பும், ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்குள் சுற்றி வரும், பெரிதாகப் பராமரிப்பு இல்லை. கோபித்துக்கொண்டு கூட்டைக் காலி செய்துவிட்டு ஓடுகிற குணம் மட்டும் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் "அதெல்லாம் வைத்துப் பார்த்தாச்சு, புழுவெல்லாம் செத்துப்போச்சு" என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை: 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் ஒரு வைரஸ் நோய் பரவி, புழுக்கள் நீர் கோத்த பை மாதிரி ஆகிச் செத்து, பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. பிழைத்து வந்த கூட்டங்களிலிருந்து மறுபடி பெருகியவைதான் இப்போது இருப்பவை.

சூரியகாந்திக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு எக்டேருக்கு 5 பெட்டி, அப்படியானால் உங்களுக்கு இரண்டு. வாங்கும்போது மேல் அறையில் தேன் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கீழ் அறையைத் திறந்து புழுவும் முட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். புழு நிறைய இருக்கிற கூட்டத்துக்குத்தான் மகரந்தப் பசி அதிகம், அதுதான் உங்கள் பூவில் உருண்டு புரண்டு வேலை செய்யும். ராணி இல்லாத, வெறும் தேன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெட்டி மகரந்தச் சேர்க்கைக்கு உதவாது. பயிர் பூப்பதற்கு முன்பே கொண்டுவந்து வைத்தால் அவை பாலாற்றுச் சீமைக் கருவேலத்துக்குப் பழகிவிடும் (எல்லோரும் திட்டுகிற அந்த மரம் தேனீக்கு நல்ல சாப்பாடு), அப்புறம் உங்கள் பூவைத் திரும்பிப் பார்க்காது. பத்தில் ஒரு பங்கு தலை விரிந்ததும் இரவில் கொண்டுவந்து இறக்குங்கள். வேலூர் வெயில் உங்களுக்கே தெரியும், மர நிழல் கட்டாயம். வாசல் கிழக்கைப் பார்த்து இருக்கட்டும், பெட்டி நிற்கிற தாங்கியின் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது, பக்கத்தில் கூழாங்கல் போட்ட தட்டில் குடிக்கத் தண்ணீர். வைத்த பிறகு நான்கு அடி, பத்து அடி என்று தள்ளித் தள்ளி வைக்காதீர்கள், வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே வந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் பல இடத்தில் தேனீ இல்லாததற்குக் காரணமே அதுதான். பூக்கும் சமயத்தில் காலை எட்டு மணிக்குக் கைத்தெளிப்பானை எடுத்துக்கொண்டு போவது நம் பக்கம் பழக்கமாகிவிட்டது. அதே நேரத்தில்தான் தேனீயும் வருகிறது. கண்டிப்பாகத் தெளிக்க வேண்டும் என்றால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு மேல், தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு தெளியுங்கள், தூவுகிற தூளைவிடத் திரவம் பரவாயில்லை. இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம் போன்ற பூச்சிமருந்துகள் செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். மாலையில் தெளித்தேன், தேனீ தப்பித்துவிடும் என்று சொல்வது இவற்றுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவற்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டதே தேனீக்காகத்தான். பேரணாம்பட்டுப் பக்கம் மாந்தோப்புக்காரர்கள் தத்துப்பூச்சிக்கு முழுப் பூவிலும் இதையே அடிக்கிறார்கள். மாவில் ஈக்களும் தேனீக்களும்தான் காய் பிடிக்க வைக்கின்றன, அவற்றைக் கொன்றுவிட்டுப் பூ உதிர்கிறது என்றால் யார் என்ன செய்ய முடியும். பூங்கொத்து நீள்கிற சமயத்திலேயே, மலர்வதற்கு முன் தெளிப்பதை முடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பெட்டி வைத்தால் சுற்றி இருக்கிற நாலு கொல்லைக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள், வரப்புக் கல்லைப் பார்த்துத் தேனீ திரும்பி வராது. காலையில் பெட்டி வாசலில் நாக்கை நீட்டியபடி தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தால் அது நோய் இல்லை, விஷம்.

பூசணிக்கு வருகிறேன். ஆண் பூ தனி, பெண் பூ தனி, இரண்டும் விடிவதற்கு முன்பே விரிந்து பகல் ஏறுவதற்குள் மூடிவிடும், மறுநாள் திறக்காது. அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பலமுறை வந்துபோக வேண்டும், ஒரு தடவை வந்தால் போதாது. மகரந்தம் போதவில்லை என்றால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும், அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் கோணலாக வளரும், காரணம், உருவாகும் விதைகள் சுரக்கிற வளர்ச்சிப் பொருளால்தான் சுற்றியுள்ள சதை பெருக்கிறது, விதை இல்லாத பக்கம் சூம்பிவிடும். வெள்ளரி, தர்பூசணிக்கும் இதே கதை. பெட்டி சூரியகாந்திக்கு வந்தால் பூசணிக்கும் சேர்த்தே பலன். தேனீ குறைவான நாளில் காலை ஏழு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டுப் பெண் பூவில் தேய்த்துவிடுவது சுலபம். சுரையும் பீர்க்கும் வேறு, அவை மாலையில் விரிகிற பூ, அந்துப்பூச்சிகளுக்கு அங்கே நிறைய வேலை.

கத்தரியில்தான் பெட்டித் தேனீ தோற்றுப்போகும். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடிக் கத்தரி, வேலூர் முள்ளுக் கத்தரி என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதற்கும் இது பொருந்தும். கத்தரிப் பூவின் மகரந்தப் பைகள் முழுதாகத் திறக்காது, நுனியில் ஒரு சின்ன ஓட்டைதான், பூந்தேனும் கிடையாது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும், அந்த வித்தை நம் பெட்டித் தேனீக்குத் தெரியாது. கறுப்பாகப் பெரிதாக ரீங்காரமிட்டு வருகிற தச்சன் தேனீக்கும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட இன்னொரு தேனீக்கும் தெரியும். கத்தரி தானாகவும் காய்க்கும், ஆனால் இவை வந்தால் காய் பிடிப்பு மேலும் நன்றாக இருக்கும். தச்சன் தேனீ காய்ந்த மூங்கிலிலும் பட்டுப்போன மரத்திலும் துளை போட்டுக் குடியிருக்கும், நீலப் பட்டைக்காரன் மண் சுவரிலும் வரப்பு மேட்டிலும். இவற்றுக்குப் பெட்டி வாங்க முடியாது, வேலியோரம் நாலு பழைய மூங்கில் கழியைக் கொளுத்தாமல் விட்டுவைக்கலாம், வரப்பில் இருக்கிற தும்பையையும் துளசியையும் களைக்கொல்லி அடித்துத் தீர்க்காமல் இருக்கலாம்.

மார்கழியில் விதைத்தால் மாசியில் பூத்து முடிந்துவிடும், அதற்குப் பிறகு உங்கள் ஏக்கரில் தேனீக்குச் சாப்பாடு இல்லை. பக்கத்தில் புங்கனும் வேம்பும் தென்னையும் இருந்தால் பெட்டி அங்கேயே நிற்கலாம், பங்குனி சித்திரையில் அவை பூக்கும், பின்னாலேயே புளியும் வரும். இல்லையென்றால் முதல் வருஷம் சொந்தமாக வாங்காமல், வளர்ப்பவர் யாரிடமாவது பூக்கிற மாதத்துக்கு மட்டும் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், மானியம் இருக்கிறதா என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள், போகும்போது கொசுவலை போட்ட தலையையும் போடாத தலையையும் கையில் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.